ஒருவர் பார்த்தாலும் எரியும்

மார்ச் 3

அன்புள்ள டார்ச்சுக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் நலம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்பதால் அதை எழுதிவிட்டேன். வாட்ஸப்பில் சொன்னால் பாதியைப் படித்துவிட்டுக் கட்டைவிரலைக் காட்டுவாய். அதனால்தான் மெயிலில் முழுக் கடிதம்.

எங்கள் வீட்டுக்கு எதிரே தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தில் நீ அமைத்த ஒளிச்சிற்பத்தைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆள் வருகிறது. "என் தம்பி பண்ணது" என்று பால் வாங்கும் இடத்தில்கூடப் பீற்றிக்கொண்டேன். நீலம் ஊதாவாகி, ஊதா வெள்ளையாகி மேலே ஏறுவது அழகுதான். ஆனால் விடிய விடிய ஏறுகிறதே! பறவைகள் வேளை கெட்ட வேளையில் கத்துகின்றன. படுக்கையறைச் சுவர் நிறம் மாறிக்கொண்டே இருக்கிறது. உன் அத்தானுக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. காலையில் பஸ் ஓட்ட வேண்டியவர். கொஞ்சம் குறைக்க முடியுமா, ராஜா?

உன் அக்கா

மார்ச் 6

என் செல்ல அக்காவுக்கு,

உன் கடிதத்தை இங்கே கூட வேலை பார்ப்பவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதே, பெருமையில்தான்.

ஒரு ரகசியம் சொல்கிறேன். கோபுரத்தில் ஒரு கேமரா இருக்கிறது. ஜன்னல்களில் எவ்வளவு முகம் தெரிகிறதோ அவ்வளவு பிரகாசம். ஆள் குறைந்தால் அடங்கும். ஆனால் ஒரே ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தாலும் அவருக்காக எரியும், அணையாது. அதுதான் அதன் உயிர். பேட்டியில்கூட இதைச் சொல்லவில்லை!

ரசனையில் உங்கள் தெருதான் முதலிடம். ராத்திரி முழுக்க ஜன்னல் ஜன்னலாக முகம். நகராட்சிக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. மாதக் கடைசியில் கழற்ற இருந்ததை நிரந்தரமாக்கப் போகிறார்களாம். அத்தானுக்குக் கனமாக ஒரு கறுப்புத் திரை வாங்கி மாட்டு. இடி விழுந்தாலும் எழுந்திருக்காத மனுஷன் ஆயிற்றே அவர்!

உன் டார்ச்சு

மார்ச் 9

டார்ச்சு,

அடப்பாவி! ரசனையா? தூக்கம் வராமல் எழுந்து நின்று உன்னைத் திட்டுகிற முகங்கள்டா அவை. மேல்வீட்டுக் கைக்குழந்தைக்காரி, கீழ்வீட்டுப் பல் டாக்டர், நான், எல்லோரும்தான். நாங்கள் திட்டத் திட்ட அது பிரகாசமாகியிருக்கிறது.

திரை மாட்டியாயிற்று. ஓரத்தில் கசியும் வெளிச்சமே போதுமாக இருக்கிறது. நேற்று அத்தான் மூன்று ஸ்டாப்பில் நிறுத்தாமலே போயிருக்கிறார். கண் திறந்துதான் இருந்ததாம். பின்னால் இருந்த ஒரு அம்மா தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் நினைவு வந்ததாம். "பஸ் அதுபாட்டுக்கு நேராத்தான் போயிட்டிருந்துச்சு, விடு" என்று சிரிக்கிறார். பஸ் நிறைய ஜனம்டா.

டிப்போவில் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். பஸ்ஸைப் பிடுங்கிக்கொண்டால் அந்த மனுஷன் ஒடிந்துபோவார். தினமும் அவர் படியிறங்குவதிலிருந்து திரும்பி வரும்வரை எனக்கு உயிர் உயிராக இல்லை.

யாரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கக் கூடாது என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நீயும் ஏதாவது செய். பயமாக இருக்கிறது.

அக்கா

மார்ச் 13

அக்கா,

என்ன எழுதுவதென்றே தெரியவில்லை. கூசுகிறது. அணைக்கும் அதிகாரம் நகராட்சியிடம்தான். தினமும் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். கேமராவில் தெரிவதை இங்கிருந்து கம்ப்யூட்டரில் பார்க்கத்தான் என்னால் முடியும்.

ஆனால் உன் யோசனை பலித்துவிட்டது. முகமெல்லாம் மறைந்து கோபுரம் நன்றாக மங்கிவிட்டது. ஒரே ஒரு ஜன்னல்தான் பாக்கி. ராத்திரி முழுக்க அங்கே ஒரு முகம், அசையாமல், யாரென்று தெரியாத புள்ளியாக. அது நகர்ந்தால் முழுசாக அணைந்துவிடும். உங்கள் கட்டடம்தான், மூன்றாவது மாடி, கோபுரத்திலிருந்து பார்த்தால் மாடிப்படிக்கு இடது பக்கம். எந்த வீடென்று எனக்குப் பிடிபடவில்லை. யாருக்கா அது? கொஞ்சம் எடுத்துச் சொல்லேன்.

டார்ச்சு

மார்ச் 14

தம்பி,

அது நம் வீடு.

வெளிச்சம் மங்கியதும் நான் அடித்துப்போட்டதுபோல் தூங்கியிருக்கிறேன். அவரும் தூங்குகிறார் என்றே நினைத்தேன். உன் கடிதம் வந்த பிறகு, நேற்று ராத்திரி தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். எழுந்தார். சீருடை போட்டார், ஷூவை மாட்டினார், திரைக்கும் ஜன்னல் கண்ணாடிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார்.

"என்னங்க, படுக்கலையா?"

"விடிஞ்சிடுச்சா?"

"இல்லங்க."

"பின்ன இது என்ன வெளிச்சம்?"

கையைப் பிடித்து இழுத்தேன். நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதையே கேட்டார். நிஜமாகவே விடிந்து, வெயில் முகத்தில் அடித்தபோதும் அதையேதான் கேட்டார். கேட்டுக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"தண்ணி பாட்டிலை உள்ளேயே வச்சிட்டீங்க" என்று சொல்லி அவரை அறைக்குள் அனுப்பிவிட்டு, வெளியே தாழ்ப்பாள் போட்டேன். டிப்போவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். இனி அவருக்கு பஸ் கிடையாது. சொன்னதெல்லாம் அவர் காதில் விழுந்தது. முதலில் கதவை இடித்தார், என்னென்னவோ திட்டினார். இப்போது சத்தமே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரை வரச் சொல்லியிருக்கிறேன். கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

நீ கிளம்பி வா. அதை அணைக்காமல் வராதே.

மத்தியான வெயில் ஹால் முழுக்க அடிக்கிறது. இப்போதுதான் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெல்லக் கேட்டார்: "விடிஞ்சிடுச்சாம்மா?"

நான் என்னடா சொல்லட்டும்?

அக்கா