ஜெசிக்கு எந்த வண்டி?

அனுமந்தன்பட்டி
20.02.2025

பாசமுள்ள ஜெசிக்கு,

அனி எழுதுகிறேன். ஓசூர்ப் பனியில் சளி இருமல் ஒன்றும் இல்லையே? இங்கே ஜோஷ்வாவுக்கு மேல்பல் இரண்டு முளைத்துவிட்டது. என் தோளில்தான் கடித்துப் பழகுகிறான். காய்ச்சல் திரும்ப வரவில்லை. இருந்தாலும் மணிக்கொரு தடவை நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். கை பழகிவிட்டது.

உனக்கு போன் போகவே மாட்டேன் என்கிறது. வாட்ஸ்அப்பிலும் ஒற்றை டிக். ஏதோ கோளாறு போல. பழைய கூரியர் கவரில் உன் விடுதி முகவரி இருந்ததால் இந்தக் கடிதம்.

அன்று கம்பம் ஆஸ்பத்திரி பெஞ்சில் வைத்து, "ஏண்டி, மெக்கானிக்கல் படிச்சவ நீதானே, எந்த வண்டி எனக்குத் தோதுப்படும்னு எழுதிக் குடு" என்று கேட்டாய். ஒரு மாதம் தாமதம். கோபிக்காதே.

முதலில் ஒற்றை சிலிண்டர், நானூறு சிசி பக்கம். எடை குறைவு. நம் சந்துக்குள் டிராக்டர் எதிரே வந்தால் காலை ஊன்றிப் பின்னால் தள்ளிக்கொள்ளலாம். கீழ் கியரிலேயே நல்ல இழுப்பு, உத்தமபாளையம் நெரிசலில் திணறாது. லிட்டருக்கு முப்பது பக்கம் தரும். ஆனால் நீ மாதம் ஒருமுறை ஓசூரிலிருந்து நானூறு கிலோமீட்டர் வருகிறவள். நூறைத் தாண்டினால் அந்த ஒரே பிஸ்டனின் குத்து முழுவதும் உள்ளங்கைக்கு வந்துவிடும். ஊர் வந்து சோற்றைப் பிசையும்போது விரல் மரத்திருக்கும்.

நான்கு சிலிண்டர். நீ படம் அனுப்பி உருகியது. பத்தாயிரம் ஆர்பிஎம் தாண்டித்தான் அதற்கு உயிரே வரும். அந்தச் சத்தத்தைக் கேட்க எனக்கும் ஆசைதான். ஆனால் தேனி பஜாரில் எங்கே போய் அப்படி முறுக்குவாய்? சித்திரை வெயிலில் சிக்னலில் நின்றால் தொடை வெந்துவிடும். பதினாறு வால்வு; இடைவெளி சரிபார்க்க மதுரைக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் இரட்டை சிலிண்டர். ஒரு பிஸ்டனின் அதிர்வை இன்னொன்று ஓரளவு வாங்கிக்கொள்ளும். நடு ஆர்பிஎம்மிலேயே இழுக்கும் என்பதால் போடிமெட்டு வளைவுகளில் ஓயாமல் கியரை மாற்ற வேண்டாம். எடைதான் கொஞ்சம் கூட. கைப்பிடி ரொம்பத் தாழ்வாக இல்லாததாகப் பார். தினமும் கம்பெனிக்கு ஓட்ட மணிக்கட்டு தாங்க வேண்டும். என் ஓட்டு இதற்கே. பின்சீட்டு எல்லாவற்றிலும் கையகலம்தான். பின்னால் யாரும் உட்காரப் போவதில்லை என்பதால் அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

பதில் போடு ஜெசி. ஒரு வரியாவது.

உன்
அனி

---

ஓசூர்
27.02.2025

அனிக்கு,

கடிதம் கிடைத்தது. கோளாறு ஒன்றும் இல்லை. நான்தான் உன்னை பிளாக் செய்திருக்கிறேன். அது உனக்கும் தெரியும்.

என்ஜினைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். நன்றாகவே எழுதியிருக்கிறாய். பிப்ரவரி நாலாம் தேதி அன்பியக் கூட்டத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. ஜெபம் சொல்ல அத்தனை வீட்டுக்காரர்களும் கூடியிருந்த இடத்தில், எனக்காக நீ என்ன மன்றாட்டு வாசித்தாய் என்று அம்மா போனில் சொன்னார்கள். "அந்தப் பிள்ளையா வாசிச்சது, அந்தப் பிள்ளையா வாசிச்சது"ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தாக.

பின்னால் யாரும் உட்காரப் போவதில்லையா? ஜனவரி பதினேழாம் தேதி என் பைக்கில் உட்கார்ந்தது யார்? பொங்கல் கூட்டத்தில் பஸ் நிற்காமல் போக, ரோட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு நீ கத்தின கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரு கையால் அவனையும் ஒரு கையால் என் இடுப்பையும் பிடித்துக்கொண்டு கம்பம் வரைக்கும் "மெதுவா போ, வேகமா போ" என்று இரண்டையும் சொல்லிக்கொண்டே வந்தாய். சிரிப்பு வந்தது எனக்கு, அந்த நேரத்திலும்.

யாரும் பார்க்காத இடத்தில் நீ எப்போதும் நல்லவள்தான் அனி.

ஜெசி

---

அனுமந்தன்பட்டி
08.03.2025

ஜெசி,

பாசமுள்ள என்று எழுதிவிட்டு அடித்தேன். எனக்கு அந்தச் சொல்லை எழுத யோக்கியதை இல்லை.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அந்தப் பதினேழாம் தேதி மாமியார் தேவாரம் ஊரில் ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார்கள். சாயங்காலம் வந்து, "எதுல கூட்டிட்டுப் போன?" என்று கேட்டார்கள். "ஆட்டோல அத்தை" என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. உன் வண்டியில் பிள்ளை ஏறக்கூடாது என்று என் வீட்டுக்காரர் சகாய பிரவீன் ஒருமுறை சொல்லியிருந்தார். அத்தை அதைவிடக் கண்டிப்பு. வலிப்பு வந்த பிள்ளையை பைக்கில் தூக்கிக்கொண்டு போனேன் என்றால் என்ன ஆகுமோ என்று பயந்தேன். அவர் கட்டப்பனையில் ஏலக்காய்க் கடையில் இருக்கிறார். வாரம் ஒருமுறை வருகிறவர். மற்ற ஆறு நாளும் நான் அத்தையோடுதான் இருக்க வேண்டும்.

அன்பியம் எங்கள் வீட்டில்தான் நடந்தது. அன்பியத்தை நடத்தும் ஞானசெல்வி அக்கா நாலு மன்றாட்டு எழுதிக் கொண்டுவந்து என்னிடம் நீட்டி, "அப்பறம் அந்த பைக்குக்காரி ஜெசிக்கும் ஒண்ணு எழுதும்மா. நீ படிச்ச பிள்ளை, நயமா எழுதுவ" என்றார்கள். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பிள்ளை அழுகிறான் என்று உள்ளே போயிருக்கலாம். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். நான் எழுதினேன் ஜெசி. "ஊர் சுற்றும்" என்று முதலில் எழுதி, அது கொச்சையாக இருக்கிறதே என்று அடித்து, "திசை தெரியாது அலையும் எங்கள் சகோதரி ஜெசி நல்வழி திரும்ப" என்று மாற்றினேன். உனக்காக நல்ல தமிழ் தேடினேன். அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

வாசித்து முடித்து நிமிர்ந்தபோதுதான் கதவோரம் உன் அம்மாவைப் பார்த்தேன். அவர்கள் என்னைத் திட்டவில்லை. ஜோஷ்வாவின் தொட்டிலை ஒருமுறை பார்த்தார்கள். காப்பி குடிக்காமல் போய்விட்டார்கள்.

தவக்காலம் தொடங்கிவிட்டது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். சாமியாரிடம் சொல்வது எனக்குச் சுலபம், அவர் வெளியே சொல்ல மாட்டார். அதனாலேயே வரிசையை விட்டு வந்துவிட்டேன். சொல்ல வேண்டியது உன்னிடம், ஊர் பார்க்க. என்ன செய்ய வேண்டும் என்று சொல். செய்கிறேன்.

அனி

---

ஓசூர்
17.03.2025

அனிக்கு,

வண்டி எடுத்துவிட்டேன். நீ சொன்ன இரட்டை சிலிண்டர்தான். ஷோரூம் பையன் நான்கு சிலிண்டரைத் தள்ளப் பார்த்தான். நீ எழுதிய வால்வுக் கதையைச் சொன்னதும் வாயை மூடிக்கொண்டான்.

அன்பியத்தில் எழுந்து நின்று அழ வேண்டாம். எனக்காக இன்னொரு மன்றாட்டும் எழுதிவிடாதே, தாயே. ஒன்றே போதும்.

இருபத்து மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்து சனம் வீடு திரும்பும் நேரம் உன் வீட்டு வாசலில் வந்து நிற்பேன். வெளியே வந்து வண்டியைப் பார். சங்கிலி தொய்வு சரியா, டயர் எப்படி, காலேஜில் பார்ப்பாயே, அப்படிக் குனிந்து பார். ரெண்டு வார்த்தை பேசு. அவ்வளவுதான் நான் கேட்பது. அன்றைக்கே ஓசூர் திரும்ப வேண்டும்.

ஜெசி

---

அனுமந்தன்பட்டி
24.03.2025

ஜெசிக்கு,

நான் வெளியே வரவில்லை. அதை நீ பார்த்தாய். உள்ளே என்ன நடந்தது என்று எழுதுகிறேன். சாக்குச் சொல்வதற்காக இல்லை.

பால்வாடி முக்கில் நீ திரும்பும்போதே சத்தத்தை வைத்துத் தெரிந்துகொண்டேன். கனத்த, அடக்கமான சத்தம். நல்ல வண்டி. காலையிலேயே புடவை மாற்றி, ஜோஷ்வாவுக்கும் புதுச்சட்டை போட்டு வைத்திருந்தேன். ஞானசெல்வி அக்காவும் இன்னும் நாலு பேரும் எதிர்வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியே நீ தலைக்கவசத்தைக் கழற்றியதைப் பார்த்தேன். ஒருமுறை ஹாரன் அடித்தாய். என் கால் அடுப்படியை விட்டு நகரவில்லை.

அத்தை கேட்டார்கள்: "யாரு வந்துருக்கா?"

"தெரியல அத்தை" என்றேன்.

நீ கொஞ்ச நேரம் நின்றாய். பிறகு போய்விட்டாய்.

முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த அத்தை கையை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள். "தெரியலையா? உம் பிள்ளையக் கம்பத்துக்குக் கொண்டுபோயிச் சேத்தவளத் தெரியலையா?" என்றார்கள்.

அச்சைக் கீழே வைத்துவிட்டு அத்தையே தொடர்ந்தார்கள்.

"அன்பியம் முடிஞ்ச மறுவாரமே கம்பம் ஆஸ்பத்திரி நர்ஸம்மா சந்தையில பாத்துச் சொல்லிட்டாக. பைக்குல வந்த பொண்ணு செருப்பு கூட இல்லாம பிள்ளையத் தூக்கிட்டு ஓடியாந்துச்சுன்னு. நீயாச் சொல்லுவ, சொல்லுவன்னு நானும் பாத்தேன். நீ சொல்லாம நான் எப்பிடிக் கேக்க? நம்ம வீட்டு வாசல்ல வந்து நின்ன பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணி குடுத்தியா? போ, ஓடு."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எல்லாரும் பார்த்தார்கள். உன் வீட்டில் அம்மா மட்டும் இருந்தார்கள். "இப்பத்தான் ஆத்தா கெளம்பினா. சாப்பிடக்கூட இல்ல" என்றார்கள். அவர்களிடமும், பின்னாலேயே வந்துவிட்ட ஞானசெல்வி அக்காவிடமும், பதினேழாம் தேதி நடந்ததைச் சத்தமாகச் சொன்னேன். சொல்லி என்ன? நீ அங்கே இல்லை.

அத்தைக்குப் பயந்துதான் அப்படிச் செய்தேன் என்று போன கடிதத்தில் உனக்கு எழுதியிருந்தேன். நானும் அதை நம்பித்தான் எழுதினேன். இப்போது அப்படிக் காரணம் காட்ட எனக்கு யாரும் இல்லை, ஜெசி.

அனிதா மேரி