விடியுமுன் இறங்கும் கோடு

ஜூலை 8, செவ்வாய்

வகுப்பில் நான்தான் மூத்தவள். பல வருடம் பள்ளியில் வேதியியல் நடத்திவிட்டு, நாற்பது வயதில் சுற்றுச்சூழல் அறிவியல் முதுகலை. பிள்ளைகள் எல்லாம் ‘அக்கா’ என்கிறார்கள். கணினி நிரல் எழுதும் பாடத்தில் ஒரே ஒரு காற்புள்ளி விட்டுப்போனதற்குக் காலை முழுக்கத் திண்டாடினேன். கடைசியில் ஓடியது. எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

ஜூலை 21, திங்கள்

ஆய்வுக்கு ஏரி கிடைத்தது. எங்கள் குடியிருப்புக்குப் பின்னால், மீன்கள் செத்து மிதக்கும் அதே ஏரி. நீர்வளத் துறை பகலில் வந்து அளந்து, ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறது. அப்புறம் மீன் ஏன் சாகிறது? கல்லூரி ஒரு மிதவைக் கருவியை ஏரியில் விட்டிருக்கிறது. இரவு பகல் ஓயாமல் அளக்கும். அந்த எண்கள் முழுவதும் இனி என் தலையில்.

ஆகஸ்ட் 14, வியாழன்

சராசரி போட்டால் எல்லாம் ஒழுங்கு. மணிவாரியாகப் பிரித்து வரைந்தேன் — விடியுமுன் ஆக்சிஜன் கோடு கிணற்றில் விழுந்த மாதிரி இறங்குகிறது. தினமும். வெயில் வந்ததும் ஏறிவிடுகிறது. பாசிதான் காரணமாக இருக்க வேண்டும். பகலில் ஆக்சிஜன் தருவதும் அதுதான், இருட்டில் உறிஞ்சித் தீர்ப்பதும் அதுதான்.

வழிகாட்டி மேடம் நம்பவில்லை. “கருவி பழுதா இருக்கும்மா. அந்தக் குறைஞ்ச எண்ணையெல்லாம் தூக்கிடுங்க.”

தூக்கினால் கோடு அழகாகத்தான் இருக்கும். தூக்கவா? மனசு கேக்கல. நான் என்ன கதையா எழுதறேன், பிடிக்காத வரியை அடிச்சுட்டுப் போக?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆய்வகத்தில் கைக்கருவி ஒன்றை இரவல் வாங்கி, சரிபார்த்து, விடியுமுன் ஏரிக்குப் போனேன். என் வீட்டுக்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டே டார்ச் பிடித்தார். இரண்டு கருவிகளும் ஒரே எண்ணைக் காட்டின. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கைபேசியில் படம் பிடித்தேன்.

“மூச்சுக்குத் தவிக்குதுங்க, பாவம்” என்றார் இவர். “நீ சொன்னது சரிதான்.”

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மேடம் வரைபடத்தையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். தான் அவசரப்பட்டுவிட்டதாகச் சொன்னார். அதைச் சொல்லவும் ஒரு மனசு வேணும்.

அக்டோபர் 10, வெள்ளி

துறை அலுவலகத்தில் என் கோட்டைத் திரையில் காட்டினேன். தலைமைப் பொறியாளர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். ஒன்றுக்குக்கூட நான் உதவிக்காகப் பக்கத்திலிருந்த மேடத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷம்தான் — வேறென்ன?

நவம்பர் 18, செவ்வாய்

தண்ணீருக்குக் காற்றூட்ட ஏரியில் துறை வைத்திருக்கும் பம்புகள் இப்போது இருட்டில் ஓடுகின்றன. அளவெடுப்பதும் விடியுமுன்தான். செத்த மீனைப் பார்த்து நாளாயிற்று.

இன்று பால் வாங்கப் போகையில் துறை வண்டி கரையில் நின்றது. ஓட்டுநர் போர்வைக்குள் சுருண்டிருந்தார். “யாரோ ஒரு அம்மா படிச்சுட்டு வந்து எங்க தூக்கத்தைக் கெடுத்துட்டாங்க” என்று என்னிடமே புலம்பினார்.

“அந்த அம்மா நான்தாங்க” என்றேன்.