அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை

தை 9, வெள்ளி

எங்கள் பீடத்திலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை என்னுடையதாம். காலையில் பீடாதிபதி எல்லார் முன்னிலையிலும் சொன்னார். கை தட்டினார்கள். பூச்சிமருந்து மூளையை என்ன செய்கிறது என்று புத்தூர்த் தோட்டக்காரரைச் சோதித்து எழுதியது.

பின்னேரம் அந்தப் புத்தூருக்கே போனேன். அன்று சோதனைக்கு வந்த கந்தையா அண்ணை தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். கை நடுங்கிப் பாதி சிந்திவிட்டது. முன்பைவிட மோசம்.

"மருந்தடிக்கிறதை நிப்பாட்டச் சொன்னனான் எல்லே அண்ணை?"

"ஓம் டொக்டர், சொன்னனீங்கள். அடிக்காட்டி வெங்காயத்தைப் புழுதான் தின்னும். வேறை என்ன செய்யிறது?"

கட்டுரையின் கடைசியில், மாற்று வழி தேவை என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதைத்தான் எல்லாரும் மேற்கோளாக எடுத்து எடுத்துப் போடுகிறார்கள். அந்த வழி எதுவென்று ஒருவரும் எழுதவில்லை. நானும்தான்.

புறப்பட்டபோது அண்ணை வாசல் படலை வரை கூட வந்தார்.

"என்ரை கை இனிச் சரிவராது. அடுத்த முறை சோதிக்கிறதெண்டால் மகனைக் கூட்டிக்கொண்டு வாறன். இப்ப அவன்தான் மருந்தடிக்கிறான்."

சரி அண்ணை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.