நண்டுவளை என்பது நான்தான்

2025 பெப்ரவரி 6

கொழும்பு பஸ்ஸில் பார்சல் வந்தது. கணவர் றிம்ஸான் சந்தியில் காத்திருந்து எடுத்துவந்து, மீன் பெட்டி இறக்குவது போல மேசையில் இறக்கினார். உள்ளே இசைத்தட்டுகள். கறுப்பு அட்டை, சாம்பல் எழுத்து. பெயர் ‘கரிக்காற்று’. செய்தவர் ‘நண்டுவளை’.

அதாவது நான்.

கல்பிட்டியில் எங்கள் இருவரையும் இஸ்லாமிய கீதங்களுக்குத்தான் தெரியும். அவர் பாடுவார், நான் கீபோர்ட் வாசித்து ஒலிப்பதிவு செய்வேன். ஸ்பீக்கர் வாடகைக்கு விடுவது சோற்றுக்கு. ‘கரிக்காற்று’ வேறு. அவர் கத்தாரில் இருந்த வருசம் பின்னறையில் பழைய கம்பியூட்டரில் தனியே செய்தது. பாட்டு இல்லை, வார்த்தை இல்லை. ஐஸ் உடைக்கும் மெஷின், நுரைச்சோலைக் கரி மின்நிலையப் பக்கமிருந்து காற்றில் வரும் இரைச்சல், வாளித் தண்ணீருக்குள் பொலித்தீன் சுற்றி இறக்கிய மைக்கில் பிடித்த போட் எஞ்சின். எல்லாவற்றையும் இழுத்து, இருட்டாக்கி, அடியில் ஒரு தாளம். அப்போது இணையத்தில் போட்டேன். நாயும் சீண்டவில்லை. இப்போது தெஹிவளையில் சின்னதாக இசைத்தட்டு வெளியிடும் ஹஸ்மி அதைத் தேடிப்பிடித்து மறுபடி கொண்டுவந்திருக்கிறான்.

நல்ல தட்டு. நானே சொல்கிறேன்.

பெப்ரவரி 11

கேட்டவர்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஹஸ்மி எல்லாவற்றையும் எனக்கு அனுப்புகிறான்.

போலந்துக்காரர் ஒருவர்: “இந்த மனிதர் எவ்வளவு பயங்கரமான தனிமையில் இருந்திருப்பார்!” தனிமையா? அந்த வருசம் மைத்துனியும் அவளுடைய மூன்று பிள்ளைகளும் இங்கேதான் இருந்தார்கள். கக்கூசுக்குள் போனாலும் கதவைத் தட்டுவார்கள்.

கடைசித் துண்டைப் பற்றித்தான் பெரிய சண்டை. அதன் முடிவில் ஒரு நீண்ட ‘உம்ம்’ வரும், பிறகு மூன்று தட்டல், பிறகு ஒரு செருமல், அத்தோடு வெட்டு. சிலியில் ஒருவர் அது சவப்பெட்டியில் ஆணி அடிக்கும் சத்தம் என்கிறார். இன்னொருவர், இல்லை, சிறைக் கதவு என்கிறார். செருமலை யாரோ சாகிற மூச்சு என்று எழுதியிருக்கிறார்கள்.

நான் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிவிட்டது.

பெப்ரவரி 12

எல்லோரும் ‘அவன்’, ‘அவர்’, ‘இந்தப் பையன்’. பெயர் போட வேண்டாம் என்று ஹஸ்மியிடம் சொன்னது நான்தானே. பிறகென்ன கோபம்?

பெப்ரவரி 20

கோபம்தான். மீன் சந்தையில் யாரோ றிம்ஸானின் முதுகில் தட்டி, வெளிநாட்டில் உன் ரெக்கோர்ட் ஓடுதாமே என்று சொல்லியிருக்கிறார்கள். இவர் சிரித்துவிட்டு வந்திருக்கிறார். ஏன் என்ட பேரைச் சொல்லல்ல என்று கேட்டேன். நீதானே மறைக்கச் சொன்ன என்கிறார். அதுவும் சரிதான். அதனால்தான் இன்னும் எரிச்சல்.

இதைவிட மோசம் மாமி. றஹ்மத் உம்மா என்றால் எங்கள் ஒழுங்கைச் சனமே எழுந்து நிற்கும். அவர் கரைத்தீவிலிருக்கும் தங்கச்சிக்கு போன் போட்டு, மகன் தட்டு போட்டிருக்கான், ஜெர்மன்காரனெல்லாம் கேட்கிறானாம் என்று பெருமை பேசுகிறார். நான் பக்கத்திலேயே வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். கண்ணீருக்கு வெங்காயம் வசதியாகப் போயிற்று.

சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? கீதம் வாசிக்கிற மருமகளை மாமிக்குப் பிடிக்கும். இந்த இரைச்சலைச் செய்கிற மருமகளைப் பிடிக்குமா?

மார்ச் 4

மூன்றாம் நோன்பு. ஹஸ்மி எழுதியிருக்கிறான்: தட்டெல்லாம் முடிந்துவிட்டது, இரண்டாம் தடவை அடிக்கப் போகிறான், அட்டையில் மாற்றம் ஏதும் உண்டா? பெருநாளுக்கு முன் சொல்லவேண்டுமாம்.

ஒரே ஒரு மாற்றம். ஃபஹ்மியா என்று ஒரு சொல். எழுதி, அழித்து, எழுதி — அனுப்பவில்லை.

மார்ச் 13

யா அல்லாஹ். இன்டைக்கு நடந்ததை எப்பிடி எழுதுறது.

எங்கள் பக்கத்தில் நோன்பு திறக்க யாரும் மணிக்கூடு பார்ப்பதில்லை. பள்ளிவாசல் மைக்கைப் போட்டால் ஹோர்ன் ஸ்பீக்கர் ‘உம்ம்’ என்று இரையும், அப்போது கை பேரீத்தம்பழத்துக்குப் போகும். பாங்கு சொல்லும் மர்ஸூக் மோதினார் மைக்கை மூன்று முறை தட்டிச் செருமுவார், அப்போது பழம் வாய்க்குப் போய்விடும். பாங்கு தொடங்கும்போது கொட்டை வெளியே. வருசக்கணக்காக இப்படித்தான்.

அந்த ‘உம்ம்’மும் தட்டலும் செருமலும்தான் என் கடைசித் துண்டின் முடிவு. மொட்டை மாடியில் நின்று பிடித்தது. பாங்குக்குச் சரியாக முன்னால் வெட்டிவிட்டேன். பாங்கை இசைக்குள் போடக்கூடாது என்பது எனக்குத் தெரியாதா?

றிம்ஸான் நாளைய பயான் பிரசங்கத்துக்குக் கொடுக்கவேண்டிய ஹோர்ன்களை முற்றத்தில் கழியில் கட்டி, சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பார்த்திருக்கிறார். அடிச்சத்தம் நிறைய உள்ளதென்று போட்டது என் தட்டை. போட்டுவிட்டு வயர் எடுக்க உள்ளே போய்விட்டார். பொழுது சாயும் மஃரிபுக்கு இன்னும் சில நிமிசம் இருந்தது. ஐஸ் மெஷினும் எஞ்சினும் எங்கள் ஊரில் எப்போதும் கேட்கிறவை, யாரும் காது கொடுக்கவில்லை.

நான் அடுப்படியில். ‘உம்ம்’ வந்தது. என் கையே பழத்துக்குப் போய்விட்டது. தட்டல். செருமல் கேட்டபோதுதான் பிடிபட்டது: இது பழைய செருமல், மோதினார் இப்போது இப்படிச் செருமுவதில்லை. பழத்தைப் போட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடினேன். அதற்குள் மாமி பழமும் தின்று கஞ்சியும் குடித்தாயிற்று. வேலிக்கு அந்தப் பக்கமும் கோப்பைச் சத்தம். ஒழுங்கையில் நாலு வீட்டில் நோன்பு திறந்தாயிற்று.

கொஞ்ச நேரம் எல்லோரும் பாங்குக்குக் காதைக் கொடுத்தபடி இருந்தார்கள். பிறகு மெய்யான பள்ளி ‘உம்ம்’ என்றது.

மாமி கோப்பையைக் கீழே வைத்தார். “அப்ப முதல்ல தட்டினது ஆரு?”



மார்ச் 14

ஜும்ஆத் தொழுகைக்கு முன்னரே நளீர் ஹாஜியார் வந்துவிட்டார். பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர். முற்றத்தில் கதிரை போட்டோம். மாமி அடுப்படி வாசலில் நின்றார். போட்டது என் பிழை ஹாஜியார் என்று றிம்ஸான் தொடங்கினார். அது உண்மைதான், போட்டது அவர்.

“அது சரி மகன். பள்ளி மைக்க எதுக்கு இதுக்குள்ள வச்ச?”

றிம்ஸான் என்னைப் பார்த்தார். தப்பிக்கிற பார்வை இல்லை. எனக்காக இடம் விட்டு ஒதுங்கின மாதிரி இருந்தது. என் குரல் நன்றாகவே வந்தது.

“வச்சது நான். தட்டு முழுக்க என்ட வேல ஹாஜியார். இவர்ட ஒரு சத்தம்கூட அதுல இல்ல.”

மாமி உள்ளே போய்விட்டார்.

ஹாஜியார் கேட்கவேண்டும் என்றார். போனில் போட்டேன். தலையைக் குனிந்துகொண்டு கடைசிவரை கேட்டார். பிறகு, “இது பாட்டில்ல. ஆனா நம்மட ஊருதான்” என்றார். நோன்பு முடியும்வரை ஹோர்னில் போடக்கூடாது என்றார். எழும்பும்போது ஒன்று சொன்னார்: நேரத்துக்கு முன் திறந்த நோன்பைக் கழா செய்யவேண்டும், வேறொரு நாளில் திரும்பப் பிடிக்கவேண்டும், அதை நாலு வீட்டிலும் போய்ச் சொல்லவேண்டும்.

நான் போறேன் என்று றிம்ஸான் சொன்னார்.

“நீ எதுக்கு? செஞ்ச ஆள் போய்ச் சொல்லட்டும்.”

போனேன். நாலு வீட்டிலும் ஒரே கதை: நேற்றுக் கேட்டது பள்ளி இல்லை, நான் செய்த தட்டு, ஒரு நோன்பு கழா வையுங்கள், என்னை மன்னித்துவிடுங்கள். முதல் வீட்டில் இரண்டு தடவை சொல்லவேண்டிவந்தது. இரண்டாவது வீட்டில் நல்லாத்தான் ஏசினார்கள். மூன்றாவது வீட்டு சித்தி ஸுலைஹா, அச்சொட்டாக மோதினார்தானே புள்ள, எப்பிடிச் செஞ்ச என்று கேட்டார். நாலாவது வீட்டில் ‘நான் செய்த தட்டு’ என்பதை நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். மன்னிப்புக் கேட்கப் போனவளுக்கு அவ்வளவு மிதப்பு ஆகாதுதான்.

வெளிநாட்டுக்காரர்கள் சவப்பெட்டி என்றும் சிறைக் கதவு என்றும் எழுதினார்கள். என் ஒழுங்கை அதை நம்பி நோன்பையே திறந்தது. இதைவிட நன்றாக யாரும் அந்தத் தட்டைக் கேட்கப் போவதில்லை.

பின்னேரம் ஹஸ்மிக்கு அனுப்பிவிட்டேன்: ஃபஹ்மியா, கல்பிட்டி. தமிழ் எழுத்தில்.

மார்ச் 22

பெருநாள் கீத நிகழ்ச்சியை வேறு குழுவுக்குக் கொடுத்துவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. றிம்ஸானுக்கு மனவருத்தம். எனக்கும்தான். என்றாலும் பெயரைத் திரும்ப எடுக்கமாட்டேன்.

மாமி இன்னும் என்னோடு கதைக்கவில்லை. உப்புப் போத்தலைக்கூட றிம்ஸானிடம்தான் கேட்கிறார்.

மார்ச் 31

பெருநாள். மாமிக்கு ஸலாம் கொடுத்தேன். எடுத்தார். அவ்வளவுதான்.

ஏப்ரல் 9

மாமி இன்று கழா நோன்பு. தனியே பிடிக்கவேண்டாமென்று நானும் பெருநாளுக்குப் பிந்திய ஷவ்வால் நோன்பு ஒன்று பிடித்தேன். பகலில் கரைத்தீவுத் தங்கச்சி போன் எடுத்தார். நான் அறைக்குள் இருப்பது மாமிக்குத் தெரியும். தட்டைப் பற்றிய பேச்சு வந்ததும், “அது மகன் செஞ்சதில்ல, மருமகள் செஞ்சது” என்றார். கொஞ்சம் நிறுத்தி, “ஓம், தனியத்தான்” என்றார்.

மஃரிப் நேரம் இருவரும் பாயில் இருந்தோம். ஹோர்ன் ‘உம்ம்’ என்றது. தட்டல் மூன்றும் வந்தது. மாமி பழத்தைக் கையில் எடுத்தவர் வாயில் வைக்காமல் என் பக்கம் திரும்பினார். இருபத்தைந்து நாளோ இருபத்தாறு நாளோ, அத்தனை நாளுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி:

“இது பள்ளியா, நீயா?”

பள்ளிதான் மாமி, சாப்பிடுங்க என்றேன்.