கடல் பக்கத்து ஜன்னல்

1957 மாசி, வியாழன்.

போன கிழமை வந்த பல்கலைக்கழகப் பழைய மாணவர் மலரில், என் பெயருக்கு எதிரே ‘டி.ஆர்.ஓ. (பிரிவுக் காரியாதிகாரி) ஆக நியமனம்’ என்றிருக்கிறது. நேர்முகப் பரீட்சைக்கு முன்பே, எப்படியும் கிடைக்கும் என்ற திமிரில் நானே எழுதியனுப்பியது. கிடைக்கவில்லை என்ற கடிதம் இந்த நாட்குறிப்புக் கொப்பிக்குள் கிடக்கிறது. யாருக்கும் காட்டவில்லை.

எனக்குப் பெண் தரவிருக்கும் மாமாவுக்கு அந்த மலரை யாரோ வாசித்துக் காட்டிவிட்டார்கள். இன்று அஸர் தொழுதுவிட்டு, மகளுக்குச் சீதனமாகக் கட்டும் வீட்டுக்கு என்னை அழைத்துப் போனார். சுவர் பாதி எழும்பியிருந்தது.

“டி.ஆர்.ஓ. இருக்கிற வீட்டுக்குக் கிடுகுக் கூரை சரிவராது மகன். தோணிய வித்து ஓடு எடுத்திட்டன்.”

அவருக்கு இருந்தது அந்த ஒரு தோணிதான்.

“நீங்க கந்தோர் வேல பார்க்கிற அறைக்கு ஜன்னல எந்தப் பக்கம் வைப்பம்?”

“கடல் பக்கம் வையுங்க மாமா” என்றேன்.