பை பின்னால் வரும்

எருக்கலம்பிட்டி

அன்பு மகன் சனூனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா சுகமாக வீடு வந்து சேர்ந்தேன், நீயும் மருமகளும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். துஆ வேறு, கோபம் வேறு. நீ செய்தது அநியாயம். நீ கூட்டிப்போன உல்லாசக் கப்பலில் கடைசி நாள் நான் இஷாத் தொழுதுகொண்டிருந்த நேரம், ஒரு வார்த்தை கேளாமல் என் பையைத் தூக்கி அறைக்கு வெளியே வைத்தாய். ஸலாம் கொடுத்துத் திரும்பினேன், பை இல்லை. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன். எழுத்து நான் அகதி முகாமில் சாமான் சுற்றி வந்த பேப்பரைப் பார்த்து நானாகப் படித்தது, பிழை இருந்தால் திருத்தாமல் வாசி.

கப்பலை நான் குறை சொல்லவில்லை. புறப்பட முதல் பக்கத்து வீட்டுப் பாத்தும்மா, கடல் பாக்கச் சிங்கப்பூர் போகோணுமாடி, வளவுக்குப் பின்னால போய் நில்லு எண்டு சிரித்தாள். என் மூத்தவள், உன் ராத்தா, புத்தளத்திலிருந்து வந்து பை அடுக்கி, அடையாளத்துக்குப் பிடியில் சிவப்புத் துணி கட்டிவிட்டாள். மேல்தட்டில் நின்று கடலைப் பார்த்தபோது அது என்னை ஒன்றும் செய்யாது போல இருந்தது, ஐஸ்கிறீம் இரண்டு தரம் வாங்கித் தின்றேன், அது உனக்குத் தெரியாது. முதல் நாள் எல்லாருக்கும் செம்மஞ்சள் மிதவைச் சட்டை போட்டு வரிசையில் நிறுத்தி ஆள் எண்ணினார்கள், நீ சிரித்துப் படம் எடுத்தாய். ஊர் முழுக்க நம் கடற்கரையில் நின்ற அன்று எவரும் எங்களுக்குச் சட்டை தரவில்லை, எண்ணவும் இல்லை.

கடைசி நாள் சாப்பாடு முடிந்து வந்தபோது நடைபாதையின் இரண்டு பக்கமும் கதவுக்குக் கதவு பைகள், கப்பல்காரரே கரையில் இறக்கித் தருவார்களாம், பக்கத்தில் ஆட்கள் இல்லை. தூரத்து முனையில் ஒரு பையோடு ஒருவர் குந்தியிருந்தார், அது எனக்குத் தெரிந்த முதுகு, வலது தோள் சற்று இறங்கியிருந்தது. கப்பல் வேலையாள், பைக்குச் சீட்டுக் கட்டுகிறான் என்றாய். எழும்பியபோது அவன் உடுப்பை நானும் கண்டேன். எழும்பும் வரைக்கும் அது உன் வாப்பாதான். அதற்குப் பிறகுதான் என் பையைக் கேளாமல் தூக்கினாய், நான் சத்தம் போட்டபோது, பயப்படாதீங்க உம்மா, பை பின்னால வரும் எண்டாய்.

அந்த வார்த்தை உன்னுடையது இல்லை. தொண்ணூறாம் ஆண்டு தோளில் துவக்கு வைத்திருந்தவர்கள் நம் தீவில் முஸ்லிம் சோனகர் ஒருவரும் இருக்கக் கூடாது என்றபோது நீ என் இடுப்பில் இருந்தாய். மணலில் பைகளை வரிசையாக வைக்கச் சொன்னார்கள். வள்ளத்தில் இடமில்லை. உன் வாப்பா ஹலீம், பிள்ளையளோட நீ ஏறு, பை பின்னால வரும், நானும் அதோட வாறன் எண்டார். கற்பிட்டிக் கரையில் ஒவ்வொரு வள்ளமாகப் பார்த்து நின்றேன். பையும் வரவில்லை, அவரும் வரவில்லை. நீ கப்பலில் சொன்னது அவர் குரலில். கேட்ட ஞாபகம் இல்லாத குரல் உனக்கு எப்படி வந்தது?

மறுநாள் சிங்கப்பூர் மண்டபத்தில் பைகள் வரிசையாக நின்றன, சிவப்புத் துணியோடு என்னுடையதும் நின்றது. பாத்தீங்களா, வந்திட்டுதுதானே எண்டு சிரித்தாய். நான் ஏன் நிலத்தில் இருந்து அழுதேன் என்று கேட்டாய், இப்போது சொல்கிறேன். இத்தனை வருடமும் பையையும் அவரையும் நான் ஒன்றாகவே வைத்திருந்தேன், வந்தால் இரண்டும் வரும். அதற்காகத்தான் முகாமை விட்டு இந்த வீட்டுக்குத் திரும்பினேன். அதற்காகத்தான் கணவனை இழந்தவள் இருக்கும் இத்தாவை நான் இருக்கவில்லை, உடல் இல்லாமலே அவருக்கு ஜனாஸாத் தொழுவோம் என்று வந்தவர்களைத் தேத்தண்ணியும் கொடுக்காமல் திருப்பினேன். அந்த மண்டபத்தில் பை தனியாக நின்றது. அதற்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை.

ஆகவே, அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும், இவை நடக்க வேண்டும். நீ அடுத்த லீவுக்கு ஊருக்கு வந்து நம் பள்ளியில் வாப்பாவுக்கு ஜனாஸாத் தொழுகை வைக்கச் சொல்லி முதல் வரிசையில் நில். ராத்தா வெள்ளை உடுப்பு எடுத்துக்கொண்டு வந்து என்னோடு நிற்கட்டும், நான் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பேன். அதற்குரிய காலம் போய்விட்டது என்று மௌலவி சொல்வார், அவருக்குப் பதில் சொல்வது பாத்தும்மாவின் வேலை, சம்மதித்துவிட்டாள். என் பை கட்டியபடியே இருக்கிறது, தொழுகை முடிந்து வந்து நீ உன் கையால் அவிழ்க்க வேண்டும், அதுவரை எவரும் தொடக் கூடாது. இன்னும் ஒன்று. உன் பெண்சாதி பிள்ளைகளை எதில் ஏற்றினாலும், பின்னால வாறன் என்று சொல்லாதே. கூடவே ஏறு.

இப்படிக்கு,
உன் உம்மா
உம்மு ஸல்மா