பூட்டிய கதவிடம் மும்முறை வினவியது

மழை பருவம் தவறாது பொழிக. கலங்கள் கரை சேர்க. கருங்கழி நாடுடைய மாவேள் மன்னரின் ஆணைப்படி, வாகைமூதூர் நீதிப்பேரவையின் ஐவருள் ஒருவனாகிய பெருங்கண்ணன், தென்கடற் கூற்றத்துத் தலைவர் இளந்தத்தனார் திருமுன்புக்கு விடுக்கும் ஓலை. தங்கள் கூற்றமும் குடிகளும், உப்பளங்களும் மீன்துறைகளும் நலமுற்று வாழ்க. இவ்வோலை கொணரும் செய்தி நல்லதன்று. அதை முன்னமே சொல்லிவிடுவது மரியாதை.

தங்கள் துறைமுகத்துத் தீமேடையில் இரவுதோறும் தீ வளர்த்துக் கலங்களுக்கு வழிகாட்டிய எயினன் சாத்தனைத் தாங்கள் அறிவீர்கள். சென்ற புயலின்போது பாறையடியில் படகு கவிழ்ந்து மீனவர் அலறவே, அவன் கயிற்றோடு கீழே இறங்கினான். இருவரைக் கரையேற்றினான், தன் காலை முறித்துக்கொண்டான், மேலே தீ அவிந்துபோயிற்று. அதற்காகத் துறைக்கண்காணி விரிச்சிக்கோ அவனைப் பணியினின்று நீக்கினார். அவ்வாறு நீக்கப்பட்டவனை இந்நாட்டின் எத்துறையிலும் எவரும் வேலைக்குச் சேர்ப்பதில்லை. அவன் மனைவி நக்கையும் மக்களும் உண்ணும் சோறும், குடியிருக்கும் தீமேடை வீடும் அந்த ஒரு வேலையில்தான் இருந்தன.

ஒருவனை நீக்குமுன் அவன் வாயிலில் நின்று ‘உன் சொல் யாது?’ என்று மும்முறை வினவ வேண்டும் என்பது நம் நாட்டு முறை. கண்காணியும் சென்றார், வினவினார், ஒருமுறை குறையாமல் மும்முறையும் வினவினார். அப்போது சாத்தன் அயலூர் வைத்தியர் வீட்டில் கால்கட்டோடு கிடந்தான். நக்கை அவனருகே இருந்தாள். பூட்டிய கதவிடம் வினவிவிட்டு, மறுமொழி இல்லை என்று திரும்பியிருக்கிறார் அந்த மகானுபாவர்! தங்கள் கூற்றத்து மன்றம் இதை ஆராய்ந்து, ஆளில்லா இடத்தில் வினவியது வினாவாகாது, நீக்கம் செல்லாது, சாத்தன் மீண்டும் மேடையேறுக என்று தீர்த்தது. கண்காணி விடவில்லை, அத்தீர்ப்பை மறுத்துப் பேரவைக்கு வந்தார்.

மன்றம் முறைப்படி தீர்த்ததா என்பதை மட்டுமே பேரவை பார்க்கும். வழக்காடுவோர் முகத்தைக் கண்டு மனம் சாயலாகாது என்று நடுவே திரை கட்டியிருக்கும். திரைக்கு அப்பால் சாத்தன் கோலூன்றி வந்து அமர்ந்தான். அவன் மூச்சிரைப்பு ஐவர் செவியிலும் விழுந்தது. மூத்தவர் நெடுவேளாதனார், மும்முறை வினவுக என்று முறை சொல்கிறதே தவிர, வினவப்படுபவன் வீட்டில் இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை, இல்லாததை மன்றம் தானே சேர்த்துக்கொண்டது பிழை என்றார். மற்ற மூவரும் தலையசைத்தனர்.

அப்போது திரைக்கு அப்பாலிருந்து, ‘ஐயா, நான் வீட்லயே இல்லீங்களே! யாருங்கய்யா பதில் சொல்றது?’ என்று குரல் எழுந்தது. அங்கிருந்து எழும் குரலைப் பேரவை பொருட்படுத்துவதில்லை. எழுத்தர் எழுத்தாணியை அசைக்கவும் இல்லை. ஆளில்லா வீட்டில் வினவியது வினாவாம். ஐவர் செவியில் விழுந்த சொல் சொல்லே இல்லையாம். என்ன நீதி ஐயா இது! பெருங்கண்ணன் எழுந்து தன் மாறுபாட்டைச் சொன்னான். நால்வர்க்கு எதிரே ஒருவன் சொல் எம்மட்டு?

வெளிவாயிலில் நக்கை அழவில்லை. புதிதாக மேடையேறியவனிடம், எவர் அலறினாலும் தீயை விட்டு இறங்காதே என்று கண்காணி சொல்லியிருப்பதாகக் காவலரிடம் சொன்னாளாம். ‘இனிமே கடல்ல விழுந்தவனுக்கு யாரு சாமி இருக்கா?’ என்றாளாம்.

தீர்ப்போலையை மாறுபட்டவன் கையாலேயே எழுதுவிக்க வேண்டும் என்பது பேரவையின் இன்னொரு வழக்கம். எழுத எழுத அவன் மனம் படிந்துவிடுமாம். இத்தனை வரி எழுதியும் படிந்தபாடில்லை. ஆயினும் கை எழுதுகிறது. எழுதாவிட்டால் வேறொருவர் எழுதுவார். அவ்வளவுதான் இவன் நிலை.

ஆகவே ஆணை இது. கூற்றத்து மன்றத்தின் தீர்ப்பு தள்ளப்பட்டது. சாத்தனின் நீக்கம் நிலைபெறும். வரும் அமாவாசைக்குள் அவன் குடும்பம் தீமேடை வீட்டைக் காலி செய்க. இவ்வோலையை அவன் வாயிலில் நின்று மும்முறை படிக்க. அவன் அங்கிருந்தாலும் இல்லாவிட்டாலும் படித்ததாகவே கொள்ளப்படும். அவன் மறுமொழி சொன்னால் செவிகொடுக்க வேண்டா.

படிக்குமுன் கதவைத் தட்டுக. இவ்வொரு வரியை நால்வரும் சொல்லவில்லை, எழுதுபவன் சேர்த்தான். தட்டலாகாது என்றும் முறையில் எங்கும் இல்லை.

மன்னரின் சங்கு முத்திரை இடப்பட்டது. எழுத்து மட்டும் பெருங்கண்ணனுடையது.